பத்துக்கு ஆறு... பாஸா, ஃபெயிலா?

"டாக்டர், அப்பாவுக்கு பயாப்ஸி ரிப்போர்ட் வந்திருக்கு. பத்துக்கு ஆறுன்னு போட்டிருக்காங்க. அப்போ பாதிக்கு மேல பரவிடுச்சா?"

புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்த குடும்பங்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். கேட்பவர் நோயாளி இல்லை. மகனோ, மருமகளோ, சில சமயம் மனைவியோ. பெரியவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். 'அவருக்குத் தெரிய வேணாம்' என்று கண்ணாலேயே ஜாடை காட்டிவிட்டு, பழுப்புக் கவரை மேஜை மேல் வைப்பார்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்துக்கு ஆறு என்பது பாதிக்கு மேல் அல்ல. இன்றைக்கு ஊசி பயாப்ஸியில் தருகிற மார்க்குகளிலேயே மிகக் குறைந்தது அதுதான்! அதற்குக் கீழே இப்போது கொடுப்பதில்லை. இந்தப் பரீட்சை ஆறில் ஆரம்பித்துப் பத்தில் முடிகிறது. மார்க் ஏற ஏற ஆபத்து. இது தெரியாமல், ஆறைப் பார்த்தே அழுது நிலத்தை விற்கக் கிளம்பியவர்கள் உண்டு. 'ஒன்பதாம், நல்ல மார்க்தானே' என்று ஆறு மாதம் சும்மா இருந்தவர்களும் உண்டு. இந்த இரண்டாவது ரகத்தை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

'சித்த வைத்தியருக்கு பயாப்ஸி ரிப்போர்ட்டில் என்ன வேலை?' என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயம்தான். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்த காலத்தில் நீர்க்குறி, நெய்க்குறி ஒரு பக்கம். ஃபார்மலின் நெடி அடிக்கிற நோய்க்குறியியல் வகுப்பு இன்னொரு பக்கம். இரண்டும்தான் பாடம். மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணை வைத்து ஸ்லைடு பார்த்துத்தான் நாங்களும் பாஸ் பண்ணினோம். அதுவும் தவிர, எங்கள் ஊர்ப்பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தவர்கள், அங்கே அவசரத்தில் கேட்க முடியாததை எல்லாம் தெருமுனை வைத்தியரிடம் வந்துதான் கேட்கிறார்கள். கேட்டால் சொல்ல வேண்டாமா?

முதலில் சுரப்பியைப் பற்றி இரண்டு வரி. ஆண்களுக்கு மூத்திரப்பையின் கழுத்துக்குக் கீழே, மூத்திரக்குழாயைச் சுற்றி மோதிரம் போல் உட்கார்ந்திருப்பது புராஸ்டேட். இளவயதில் பெரிய நெல்லிக்காய் அளவு, சுமார் 20 கிராம் எடை. விந்தோடு சேர்கிற திரவத்தைச் சுரப்பது அதன் வேலை. ஐம்பதுக்கு மேல் பலருக்கு இது பருக்கிறது. ராத்திரியில் நாலு தடவை எழுந்திருப்பது, சொட்டுச் சொட்டாகப் போவது எல்லாம் பெரும்பாலும் இந்தச் சாதாரண வீக்கத்தால்தான். புற்றுநோய் அநேகமாகச் சுரப்பியின் வெளிப்புற ஓரத்தில் ஆரம்பிப்பதால், ஆரம்பத்தில் மூத்திரத்தைத் தடுப்பதே இல்லை. சத்தமே காட்டாமல் இருந்துவிட்டு, இடுப்பு எலும்பிலும் முதுகெலும்பிலும் வலி கொடுத்த பிறகு வெளியே வருவதும் உண்டு. எங்கள் விருத்தாசலத்துக்குத் திருமுதுகுன்றம் என்று பழைய பெயர். முதுமை எங்களுக்குப் பெயரிலேயே இருக்கிறது! ஊரில் வயசாளிகளுக்கும் பஞ்சமில்லை. ஆகவே இந்தக் கவருக்கும் பஞ்சமில்லை.

இன்னொரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 'பீங்கான் ஷெட்டிலேயே முப்பது வருஷம் வேலை பார்த்தார், அந்த மண்தூசுதான் காரணமா?' என்று கேட்கிறார்கள். பீங்கான் தூசு தாக்குவது நுரையீரலை. சிலிகோசிஸ் வரும், நுரையீரல் புற்றுக்கும் அது வழி. அதற்கு முகமூடி கட்டாயம். புராஸ்டேட் புற்றுக்கு உறுதியாகத் தெரிந்த காரணங்கள் வயது, குடும்ப வரலாறு, பரம்பரையாக வருகிற சில மரபணுக் கோளாறுகள். களிமண் அந்தப் பட்டியலில் இல்லை.

உடைத்துப் பார்த்தால்தான் வேக்காடு தெரியும்

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பயாப்ஸியைப் புரிய வைப்பது சுலபம். மின்சாரத்துக்கான பீங்கான் சாமான் ஒன்று சூளையிலிருந்து வருகிறது. வெளியே பளபளவென்று கிளேஸ். தட்டினால் நல்ல சத்தம். ஆனால் உள்ளே சரியாக வெந்திருக்கிறதா, நுண்துளை இருக்கிறதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு துண்டைச் சாயக் கரைசலில் அழுத்தம் கொடுத்து ஊறவைத்து, பிறகு உடைத்துப் பார்ப்பார்கள். சாயம் உள்ளே ஏறியிருந்தால் அது தேறாது.

பயாப்ஸியும் இதே கதைதான். மெல்லிய ஊசியால் சுரப்பியின் பல இடங்களிலிருந்து, வழக்கமாக 12 நூல் போன்ற துண்டுகளை எடுப்பார்கள். எம்.ஆர்.ஐ.யில் சந்தேகப்பட்ட இடம் தெரிந்தால் அங்கிருந்து கூடுதலாகச் சில. அவற்றை ஃபார்மலினில் போட்டு, பாரஃபின் மெழுகில் புதைத்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றுவார்கள். ஒன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம். அந்த ஊதாச் சாயம் மத்திய அமெரிக்காவில் வளர்கிற ஒரு மரத்தின் கட்டையிலிருந்து வருகிறது! உலகம் முழுக்கப் புற்றுநோயைத் தீர்மானிப்பது ஒரு மரக்கட்டைச் சாறு என்பதில் என் போன்ற மூலிகைக்காரனுக்கு ஒரு சின்ன கர்வம் உண்டு. போகட்டும்.

இந்த ஸ்லைடைப் பார்த்து மார்க் போடுகிற முறையைக் கொடுத்தவர் டொனால்டு க்ளீசன். அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்தில், முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரியில் திசு நிபுணர். 1960-களில், புராஸ்டேட் புற்று வந்த ஒருவர் சீக்கிரம் இறந்துபோகிறார், இன்னொருவர் அதே நோயோடு பேரன் கல்யாணம் வரை பார்க்கிறார், ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. க்ளீசன் தனித்தனி செல்லை உற்றுப் பார்க்கவில்லை. பூதக்கண்ணாடியைக் கொஞ்சம் விலக்கி, திசு எப்படி அடுக்கியிருக்கிறது என்ற மொத்த அமைப்பைப் பார்த்தார். ஐந்து விதமான அமைப்புகளைக் கையாலேயே படமாக வரைந்தார். பிறகு நோயாளிகள் எத்தனை காலம் இருந்தார்கள் என்ற கணக்கோடு ஒப்பிட்டார். படமும் ஆயுளும் பொருந்தின! 1966-ல் அதை வெளியிட்டார். அவர் 2008-ல் காலமானார். நடுவில் எத்தனையோ புதுப் பரிசோதனைகள் வந்துவிட்டன. அவர் வரைந்த படம் மட்டும் சில திருத்தங்களோடு இன்னும் மேஜையில் இருக்கிறது.

அந்த ஐந்து அமைப்புகளை இப்படி நினைத்துக்கொள்ளுங்கள். பலகையில் அகல் விளக்குகளை வரிசையாக அடுக்கியிருக்கிறீர்கள். நல்ல புராஸ்டேட் திசுவும் அப்படித்தான்: நடுவில் குழி, சுற்றிலும் செல் சுவர். சுவர் இரண்டு அடுக்கு. வெளி அடுக்கு காணாமல் போயிருந்தால் அது புற்று. (சந்தேகம் வந்தால் அந்த வெளி அடுக்குக்கென்றே தனிச் சாயம் போட்டுப் பார்ப்பார்கள். ரிப்போர்ட்டில் 'பி 63' என்று ஏதாவது இருந்தால் அது இதுதான்.)

முதல் இரண்டு வகைகளை இப்போது ஊசி பயாப்ஸியில் சொல்வதில்லை, விட்டுவிடுவோம். மூன்றாவது வகையில் அகல்கள் சின்னச் சின்னதாக, நெருக்கமாக, கோணல்மாணலாக இருக்கும். ஆனாலும் ஒவ்வொன்றும் தனித்தனி அகல். எண்ணிவிடலாம். நான்காவது வகையில் அகல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும். சூளையில் கிளேஸ் உருகி இரண்டு மூன்று சாமான் ஒட்டிக்கொள்ளுமே, அது மாதிரி. எது எங்கே முடிகிறது என்று தெரியாது. ஐந்தாவது வகையில் அகலே கிடையாது. தூளும் ஓட்டுச்சில்லும்தான். செல்கள் தனித்தனியாகவோ கும்பலாகவோ சிதறிக் கிடக்கும்.

சுரப்பி தன் உருவத்தை எவ்வளவு மறந்திருக்கிறதோ, நோய் அவ்வளவு முரடு. சூத்திரம் இவ்வளவுதான்.

3+4 வேறு, 4+3 வேறு!

ஒரே ஆளின் சுரப்பியில் ஒரே வகைதான் இருக்கும் என்று சட்டமில்லை. மூன்றும் நான்கும் கலந்திருக்கலாம். க்ளீசன் அதனால் இரண்டு எண்களைக் கூட்டினார். முதல் எண், அதிகமாகக் காணப்படுகிற வகை. அடுத்த எண், மீதி உள்ளதில் முக்கியமானது. ஊசி பயாப்ஸியில் மீதி உள்ளவற்றில் மோசமானதை எழுதுவார்கள். எல்லாமே மூன்றாவது வகை என்றால் 3+3=6. இதுதான் அந்தப் பத்துக்கு ஆறு.

பள்ளிக்கூடக் கணக்கில் 3+4-ம் 4+3-ம் ஏழுதான். இங்கே அப்படி இல்லை. 3+4 என்றால் பெரும்பகுதி தனித்தனி அகல், கொஞ்சம் ஒட்டல். 4+3 என்றால் பெரும்பகுதி ஒட்டிப்போய்விட்டது. நோயின் போக்கே மாறும். ரிப்போர்ட்டை ஃபோனில் படித்துச் சொல்கிறவர்கள் "ஏழாம்" என்று மட்டும் சொல்லிவிடுகிறார்கள். தயவு செய்து கூட்டலையும் சேர்த்துக் கேளுங்கள்.

இந்தக் குழப்பத்தாலேயே 2014-ல் உலகத் திசு நிபுணர்கள் கூடி, மார்க்கை 1 முதல் 5 வரை குழுக்களாக மாற்றினார்கள். உலக சுகாதார நிறுவனம் 2016-ல் ஏற்றுக்கொண்டது. இப்போது நல்ல ரிப்போர்ட் எதிலும் 'கிரேடு குரூப்' என்று ஒரு வரி இருக்கும். 6 என்றால் குரூப் 1. 3+4 குரூப் 2. 4+3 குரூப் 3. எட்டு, குரூப் 4. ஒன்பதும் பத்தும் குரூப் 5.

இதை வெறும் கௌரவப் பட்டம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்க, ஐரோப்பிய ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் செய்துகொண்ட 20,845 பேரை ஒரு பெரிய ஆய்வில் பார்த்தார்கள். ஐந்து வருஷத்தில் பி.எஸ்.ஏ. மறுபடி ஏறாமல் இருந்தவர்கள், எடுத்த சுரப்பியின் கிரேடுபடி, குரூப் 1-ல் நூற்றுக்கு 96. குரூப் 2-ல் 88. குரூப் 3-ல் 63. நான்கில் 48. ஐந்தில் 26. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தைப் பார்த்தீர்களா? இரண்டுமே 'ஏழு'தான்! ஒன்று கவனிக்க வேண்டும்: பி.எஸ்.ஏ. ஏறுவது என்பது மரணம் அல்ல. அதற்குப் பிறகும் கதிர்வீச்சு, ஹார்மோன் சிகிச்சை என்று பல படிகள் இருக்கின்றன. பலர் பல வருஷம் நன்றாக இருக்கிறார்கள்.

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரக்கிற ஒரு புரதம்; ரத்தத்தில் அளக்கிறார்கள். வழக்கமாக 4 நானோகிராமுக்கு மேல் போனால் உஷாராகிறார்கள். ஆனால் அது புற்றுக்கு மட்டும் ஏறுவதில்லை. சாதாரண வீக்கம், மூத்திரத் தொற்று, குழாய் போட்டது, எல்லாவற்றுக்கும் ஏறும். வீக்கத்துக்கென்று ஃபினாஸ்டெரைடு, டூட்டாஸ்டெரைடு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது பாதியாகக் குறைந்து காட்டும். டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வேடிக்கை என்னவென்றால், திசு மிக மோசமாகச் சிதைந்துபோனால் பி.எஸ்.ஏ. சுரக்கவே மறந்துவிடலாம். அதனால் 'பி.எஸ்.ஏ. கம்மிதானே' என்று குரூப் 5 ரிப்போர்ட்டை ஓரம் கட்டாதீர்கள். குறைவான பி.எஸ்.ஏ.யோடு வருகிற குரூப் 5-க்கு டாக்டர்கள் அதிகமாகவே பயப்படுகிறார்கள்.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டிலும் 1 முதல் 5 வரை ஒரு எண் போடுவார்கள். அது 'புற்று இருக்கும் என்று எவ்வளவு சந்தேகப்படுகிறோம்' என்பதற்கான எண். திசுவின் குரூப் எண் அல்ல. இரண்டையும் சேர்த்துக் குழம்பாத குடும்பத்தை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

மார்க்குக்குக் கீழே இருக்கிற வரிகள்

மார்க்கைப் பார்த்தவுடன் ரிப்போர்ட்டை மடித்துவிடுகிறோம். விஷயமே கீழேதான் இருக்கிறது.

'கிரிப்ரிஃபார்ம்' என்று ஒரு வார்த்தை இருக்கிறதா பாருங்கள். லத்தீனில் சல்லடை. நான்காவது வகையிலேயே ஒரு பிரிவு. பெரிய செல் கூட்டத்துக்குள் சல்லடைக்கண் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். நான்காவது வகையில் மற்றவற்றைவிட இது முரடு என்று இப்போது தெரிந்துவிட்டது. 3+4-தான், காத்திருக்கலாமா என்று யோசிக்கிற இடத்தில் சல்லடை இருந்தால் பெரும்பாலான டாக்டர்கள் காத்திருக்கச் சொல்லமாட்டார்கள்.

'இன்ட்ராடக்டல்' என்று இருந்தால், புற்று சுரப்பியின் நாளங்களுக்குள்ளேயே ஏறி நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம். இதுவும் எச்சரிக்கை மணிதான். இதைப் பார்த்தால் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: குடும்பத்தில் பெண்கள் யாருக்காவது மார்பகப் புற்றோ, சினைப்பைப் புற்றோ வந்திருக்கிறதா? 'ஆம்பளை நோய்க்கும் அத்தைக்கு வந்த நோய்க்கும் என்ன சம்பந்தம்?' என்பீர்கள். சம்பந்தம் உண்டு. பி.ஆர்.சி.ஏ. 2 என்ற மரபணுவில் கோளாறு இருந்தால் பெண்களுக்கு அந்த இரண்டும், ஆண்களுக்கு முரட்டுப் புராஸ்டேட் புற்றும் வர வாய்ப்பு கூடும். அப்பாவிடமிருந்து மகளுக்கும் போகும். இந்தப் பத்திரிகையை வாசிக்கிற பெண்கள், 'இது அவங்க சமாச்சாரம்' என்று பக்கத்தைப் புரட்டாமல் இருக்க வேண்டிய காரணம் இது.

'பெரிநியூரல்' என்று இருந்தால் பலர் அலறிவிடுகிறார்கள். "நரம்புல ஏறிடுச்சாம், மூளைக்குப் போயிடுமா?" போகாது. சுரப்பிக்குள்ளேயே ஓடுகிற நுண் நரம்பைச் சுற்றிப் புற்றுச் செல் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். சுரப்பியை விட்டு வெளியேற அது ஒரு பாதை என்பதால் டாக்டர் குறித்துக்கொள்வார். அதைத் தனியாக வைத்து எதையும் முடிவு செய்வதில்லை.

பன்னிரண்டு துண்டில் எத்தனையில் நோய், ஒவ்வொன்றிலும் எத்தனை சதவீதம் என்பதும் முக்கியம். ஒரு துண்டில் ஓரமாக 5 சதவீதம் இருப்பதும், பத்துத் துண்டில் முக்கால்வாசி இருப்பதும் ஒன்றா? ஆபரேஷன் முடிந்து வருகிற ரிப்போர்ட் என்றால் இன்னும் மூன்று விஷயம்: சுரப்பியின் எல்லையைத் தாண்டியதா, விந்துப்பையில் நுழைந்ததா, வெட்டின ஓரத்தில் புற்று மிச்சம் இருக்கிறதா. நிணக்கட்டியை எடுத்திருந்தால் அதிலும் பார்த்திருப்பார்கள்.

ஊசி எடுத்தது சுரப்பியில் ஒரு துளி. சட்டிச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே பாதிதான் நிஜம். ஊசி ரிப்போர்ட்டில் ஆறு என்று வந்து, ஆபரேஷனில் முழுச் சுரப்பியைப் பார்க்கும்போது ஏழாவது உண்டு. அதனால்தான் காத்திருக்கச் சொன்னாலும் மறுபடி மறுபடி பரிசோதிக்கிறார்கள்.

நம் நாட்டில் நடந்த ஒரு கணக்கு

திசு மார்க் சிகிச்சையை எப்படி மாற்றுகிறது என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. மும்பை டாடா நினைவு ஆஸ்பத்திரியில் 2011 முதல் 2017 வரை 224 நோயாளிகளைச் சேர்த்து ஒரு ஆய்வு நடந்தது. கேள்வி இதுதான்: கதிர்வீச்சை புராஸ்டேட்டுக்கு மட்டும் கொடுத்தால் போதுமா, இடுப்புக்குள் இருக்கிற நிணக்கட்டிகளுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டுமா? யாருக்கு நிணக்கட்டியில் நோய் ஒளிந்திருக்கும் என்று யூகிக்க ஒரு பழைய சூத்திரத்தைப் பயன்படுத்தினார்கள். பி.எஸ்.ஏ.யில் மூன்றில் இரண்டு பங்கு; அதோடு க்ளீசன் மார்க்கில் ஆறைக் கழித்துப் பத்தால் பெருக்கின எண். கூட்டினால் வருவது சதவீதம்.

போட்டுப் பாருங்கள். பி.எஸ்.ஏ. 12, க்ளீசன் 7 என்றால், 8-ம் 10-ம் 18 சதவீதம். அதே பி.எஸ்.ஏ. 12, க்ளீசன் 9 என்றால்? 8-ம் 30-ம், 38 சதவீதம்! ரத்தம் ஒன்றுதான், திசு வேறு. ஆய்வில் 20 சதவீதத்துக்கு மேல் வந்தவர்களைத்தான் சேர்த்தார்கள். (இந்தச் சூத்திரம் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறது என்று பின்னால் வந்த அனுபவம், ஆகவே வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்து பயப்பட வேண்டாம். டாக்டர் பார்த்துக்கொள்வார்.) 2021-ல் முடிவு வந்தது. நிணக்கட்டிக்கும் சேர்த்துக் கதிர்வீச்சு வாங்கினவர்களில் ஐந்து வருஷம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 95. சுரப்பிக்கு மட்டும் வாங்கினவர்களில் 81. உயிரோடு இருந்தவர்கள் எண்ணிக்கையில் அதுவரைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இருந்தாலும் நம் ஊர் உடம்புகளில் நம் ஊர் டாக்டர்கள் செய்த ஆய்வை உலகம் எடுத்துக்கொண்டு பேசுகிறது என்பது சாதாரண விஷயமா?

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு கணக்கு. பிரிட்டனில் 1,643 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு ஆபரேஷன், ஒன்றுக்குக் கதிர்வீச்சு, ஒன்றுக்கு வெறும் கண்காணிப்பு என்று வைத்துப் பதினைந்து வருஷம் பார்த்தார்கள். பெரும்பாலோர் குறைந்த மார்க்குக்காரர்கள். 2023-ல் வந்த முடிவு: மூன்று கூட்டத்திலும் புராஸ்டேட் புற்றால் இறந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் மூன்று பேர்தான்! ஆனால் கண்காணிப்புக் கூட்டத்தில் நோய் வேறு இடத்துக்குப் பரவியது நூற்றுக்கு 9 பேருக்கு. மற்ற இரண்டிலும் சுமார் 5. கண்காணிப்பில் இருந்தவர்களில் அறுபது சதவீதம் பேர் பிற்பாடு ஏதோ ஒரு கட்டத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டார்கள். ஆக, காத்திருப்பது என்றால் தூங்குவது அல்ல. குறிப்பிட்ட மாதத்துக்கு ஒரு தடவை பி.எஸ்.ஏ., தேவைப்படும்போது எம்.ஆர்.ஐ., திரும்ப பயாப்ஸி என்று காலண்டரில் வட்டம் போட்டுக்கொண்டு காத்திருப்பது. குரூப் 1-ஐப் புற்றுநோய் என்ற பெயரிலிருந்தே எடுத்துவிடலாமா என்று நிபுணர்களுக்குள் இப்போது வாக்குவாதம் நடக்கிறது. என்னைக் கேட்டால் பெயரை மாற்றவேண்டாம். பெயரை மாற்றினால் நம் ஆட்கள் அடுத்த செக்கப்புக்குப் போகமாட்டார்கள்.

சரி, உங்க வைத்தியம் என்ன சொல்லுது?

நோய் தீருமா தீராதா, சாத்தியமா அசாத்தியமா என்று முதலில் பார்ப்பது எங்கள் மரபிலும் உண்டு. விடிகாலை மூத்திரத்தில் நல்லெண்ணெய் ஒரு சொட்டு விட்டு, அது பாம்பு மாதிரி நீள்கிறதா, மோதிரமாக விரிகிறதா, முத்தாக நிற்கிறதா என்று பார்ப்பதுதான் நெய்க்குறி. வாதம், பித்தம், கபம் என்று உடம்பின் நிலையை அறிய அது உதவும். அதை நான் மதிக்கிறேன், இன்றும் பார்க்கிறேன். ஆனால் சுரப்பியில் அகல் ஒட்டியிருக்கிறதா, உடைந்திருக்கிறதா என்று எண்ணெய்ச் சொட்டு சொல்லாது. அப்படிச் சொல்லும் என்று யாராவது சொன்னால், அவரிடமிருந்து கொஞ்சம் தள்ளியே இருங்கள். என் தொழில்காரர்களுக்கு என் மேல் கோபம் வரும், பரவாயில்லை.

'ஊசி குத்தினா, கத்தி வெச்சா பரவிடும்' என்கிற பேச்சுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய விரோதி. புராஸ்டேட் பயாப்ஸியில் ஊசித்தடத்தில் புற்று பரவுவது மிக மிக அபூர்வம். நிஜமான தொந்தரவுகள் வேறு: சில நாள் மூத்திரத்திலும் விந்திலும் ரத்தம், சிலருக்குத் தொற்று, குளிர் ஜுரம். ஜுரம் வந்தால் கஷாயம் போடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நெருஞ்சில் குடிநீர், சிறுபீளை எல்லாம் மூத்திர எரிச்சலுக்கும் நீர்ச்சுருக்குக்கும் நான் கொடுக்கிறவைதான். குரூப் 4-ஐ குரூப் 1 ஆக்குகிற மூலிகை என்னிடம் இல்லை. ஹார்மோன் ஊசியோ கீமோதெரபியோ ஓடிக்கொண்டிருக்கும்போது செந்தூரம், பற்பம் எதையும் இரண்டு டாக்டருக்கும் தெரியாமல் சாப்பிடக் கூடாது. மலச்சிக்கல், பசியின்மை, உடம்பு அசதி, ராத்திரித் தூக்கம், இவற்றில் எங்களால் உதவ முடியும். ஹார்மோன் சிகிச்சையில் எலும்பு மெலியும், சதை குறையும். அதற்குக் கேழ்வரகும் எள்ளும் காலை வெயிலில் நடையும் நல்லது என்று சொல்ல எந்த மருத்துவமும் தயங்காது.

குரூப் 5 என்று வந்தவர்களுக்கும் கதவு மூடவில்லை. இந்தப் புற்று ஆண் ஹார்மோனைத் தின்று வளர்கிறது. அதை நிறுத்தினால் சுருங்குகிறது என்று சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற சர்ஜன் 1941-லேயே காட்டினார். 1966-ல் நோபல் பரிசும் வாங்கினார். இன்றைய மாத்திரைகளும் ஊசிகளும் அந்த வழியில் வந்தவைதான். எங்கள் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது; காஞ்சிபுரத்தில் அரசின் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை; சென்னையில் 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆரம்பித்த அடையாறு புற்றுநோய் நிலையம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். புற்றுநோய் சிகிச்சைகள் அதில் அடங்கும்.

கிளம்புகிறவர்களுக்குக் கைச்செலவை மிச்சப்படுத்துகிற ஒரு யோசனை. முதல் ஆஸ்பத்திரியிலிருந்து வெறும் ரிப்போர்ட் காகிதத்தோடு போகாதீர்கள். மெழுகில் புதைத்த திசுவை 'பிளாக்' என்பார்கள். லேபில் எழுதிக் கொடுத்து, பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்குங்கள். பெரிய ஆஸ்பத்திரியில் அவர்களுடைய திசு நிபுணர் மறுபடி பார்ப்பார். மூன்றா நான்கா என்பதில் இரண்டு நல்ல நிபுணர்களுக்கே கருத்து மாறலாம். மார்க் ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். பிளாக் இருந்தால் இன்னொரு தடவை ஊசி குத்த வேண்டியிருக்காது. சாதாரண வீக்கத்துக்கு உள்வழியாகச் சுரண்டி எடுக்கிற ஆபரேஷனிலும் எடுத்த துணுக்குகளைக் கட்டாயம் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதில் எதிர்பாராமல் புற்று அகப்படுவது உண்டு. 'பாட்டில்ல போட்டுக் குடுத்தாங்க, எதுக்குன்னு தெரியல' என்று வீட்டுக்கே கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மெழுகு பிளாக்கை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டிய அவசியமில்லை. வெயில் படாமல், சூடு இல்லாத இடத்தில், ஒரு சின்ன டப்பாவில் போட்டுப் பெயர், தேதி, லேப் எண் எழுதி பீரோவில் வையுங்கள். பஸ்ஸில் போகும்போது எஞ்சின் பக்கத்து சீட்டுக்கு அடியில் மட்டும் வைக்காதீர்கள், உருகிவிடும்.